வீட்டிலிருந்து திறக்காது

புனிதா கைபேசியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு மதில் சுவரை ஒட்டி நடந்துகொண்டிருக்கிறார். கண் திரையில் இருக்கிறது, கால் தன்பாட்டுக்குப் போகிறது. ஓரிடத்தில் நிற்கிறார். ஓரடி பின்னால் வைக்கிறார், மறுபடி முன்னால் வைக்கிறார். வெளியே டிராக்டரை நிறுத்திவிட்டு டீ குடிக்கிறவர்கள், அந்த அம்மா செல்ஃபிக்கு வெளிச்சம் தேடுகிறார் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். அவர் தேடுவது அலுவலகத்து வைஃபை எங்கே முடிகிறது என்பதை. சுவருக்கு வெளியே புளியமரத்தடிக்குப் போனதும் திரையில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, காணாமல் போகின்றன. அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வருகிறது.

"கொழம்பு கொதிக்கிற வாசன நம்ம வூட்டோட நிக்கணும் மாடி சார். தெருவுக்குப் போச்சின்னா, தெருவே தட்டு எடுத்துக்கினு வந்துடும்."

மாடி சார் என்பது நான். திண்டிவனத்தில் அவர்கள் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். புனிதா, விழுப்புரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒரு தனியார் சர்க்கரை ஆலையில் கணினிப் பிரிவை, ஆலைப் பேச்சில் 'சிஸ்டம்ஸை', பார்த்துக்கொள்கிறார். ஆலையின் பெயரை எழுதக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் பேசவே ஒப்புக்கொண்டார். பிரிவு என்றதும் பெரிய கூட்டத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். அவர், ஒரு குளிர்சாதன அறை, அறைக்கு வெளியே கழற்றிவிட்ட அவருடைய செருப்பு. பிரிவு அவ்வளவுதான். மாதம் ஒருமுறை ஒலக்கூரிலும் கோலியனூரிலும் இருக்கும் ஆலையின் கோட்ட அலுவலகங்களுக்கு வந்து இப்படி மதிலைச் சுற்றிவிட்டுப் போவார். இந்த முறை நானும் தொற்றிக்கொண்டேன்.

கரும்பு போடாத வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வயலில் கரும்பு விளைந்துவிட்டால் நம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. நட்ட தேதிப்படி ஆலை முறை வைத்து 'கட்டிங் ஆர்டர்' தரும். அது கைபேசியில் செய்தியாக வந்த பிறகுதான் வெட்டு ஆட்களைக் கூப்பிடலாம். முறை வரத் தாமதமானால் கரும்பு பூத்துவிடும், காயும், காற்றில் சாயும், எடை இறங்கும். அதனால் அரவைப் பருவத்தில் இந்த வட்டாரத்தில் இருவர் சந்தித்துக்கொண்டால் நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. "ஆர்டர் வந்துச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. அந்த முறை மொத்தமும் புனிதா பார்த்துக்கொள்ளும் கணினிக்குள் இருக்கிறது.

அதற்குள் நுழைந்து முறையைத் திருத்தும் உரிமை, வயல் வயலாகப் போய்க் கரும்பைப் பார்க்கும் ஆலை ஊழியர்களான ஃபீல்டுமேன்களுக்கு உண்டு. கரும்பு சாய்ந்துவிட்டது, தீப்பிடித்துவிட்டது என்றால் அவர்கள் பார்த்து முன்னால் போடலாம். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு ரகசியச் சொல். அந்த ரகசியம் எத்தனை பெரிய ரகசியம் என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். அத்தனை ஃபீல்டுமேன்களும் தங்கள் மோட்டார் சைக்கிள் எண்ணையே வைத்திருந்தார்கள். வண்டியோ அலுவலக வாசலில், ஊர் பார்க்க நின்றுகொண்டிருந்தது. விவசாயி வீட்டுப் பிள்ளைகள் டீக்கடையில் இருந்தபடி முறையை மாற்றினார்கள். சென்னையில் வேலை பார்க்கிறவர்கள் அங்கே இருந்துகொண்டே அப்பாவின் கரும்பை முன்னால் தள்ளினார்கள். ஒரு நாள் ஒரே முறைக்கு இரண்டு டிராக்டர்கள் ஆலை வாசலுக்கு வந்து, இரண்டு குடும்பமும் எடைமேடை மேலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டன.

ரகசியச் சொல்லை மாற்றச் சொல்லுங்கள் என்றது நிர்வாகம். புனிதா ஒப்புக்கொள்ளவில்லை. மாற்றினால் புது வண்டியின் எண்ணை வைப்பார்கள், அவ்வளவுதான் நடக்கும் என்றார். அவர் வேறொன்று செய்தார். இணையத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் வீட்டுக் கதவிலக்கம் போல ஓர் எண் உண்டு. யார் கதவைத் தட்டினாலும் எந்த எண்ணிலிருந்து தட்டுகிறார்கள் என்பது உள்ளே தெரியும். ஆலை, ஒலக்கூர், கோலியனூர் ஆகிய மூன்று இடத்து எண்களுக்கு மட்டும் கதவு திறக்கும்படி எழுதி வைத்தார். மற்ற எங்கிருந்து தட்டினாலும், பெயர் சரி, ரகசியச் சொல் சரி, கதவு மட்டும் திறக்காது.

"யாருன்னு அப்புறம் கேட்டுக்கலாம் சார். எங்கருந்துன்னு மொதல்ல கேக்கணும்," என்பார். நாமும்தான் போனை எடுத்ததும் "எங்க இருக்கீங்க?" என்று கேட்கிறோம். ஆனால் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. புனிதா காத்திருப்பார். பதில் வரும்வரை அடுத்த வார்த்தை பேசமாட்டார்.

ஆரம்பத்தில் இதில் ஒரு பேஜாரு இருந்தது. ஒலக்கூரில் மின்சாரம் போய் வந்தால் அந்த இணைப்பின் எண் தானாக மாறிவிடும். எண் மாறினால் அலுவலகமே வெளியாள் ஆகிவிடும். அங்கே கூட்டிப் பெருக்கும் காசியம்மாள் போன் போட்டு, "யம்மா, கரண்டு வந்துச்சி, கதவு சாத்திக்கிச்சி" என்பார். அந்த அம்மாளுக்குக் கணினியைத் துடைக்க மட்டும்தான் தெரியும், ஆனால் நடந்ததை இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை என்று புனிதா இன்றும் சொல்லிச் சிரிப்பார். பிறகு மாறாத எண் ஒன்றை ஆலை காசு கொடுத்து வாங்கியது. காசியம்மாளின் போன் நின்றது.

இந்தப் புத்தி அவரோடு வீட்டுக்கும் வருகிறது. ஆளை முகத்தால் அல்ல, இடத்தால்தான் நினைவில் வைக்கிறார். காலை ரயிலில் உடன் வருகிறவர்கள் அவருக்கு ஜன்னலோரம், கதவோரம், படிக்கட்டு. ஒரு திருமணத்தில் ஆலையின் கணக்காளர் வணக்கம் சொன்னபோது, அவர் மேசை இல்லாமல் வந்திருந்ததால், மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து சாப்பிட்டீர்களா என்று விசாரித்திருக்கிறார். எனக்கும் நடந்தது. பனமலைக் கோயில் படியில் எதிரே போய் நின்று சிரித்தேன். அவரும் மரியாதைக்குச் சிரித்துவிட்டுக் கடந்துபோனார். "மாடிங்க" என்று பின்னால் குரல் கொடுத்த பிறகுதான் திரும்பி வந்து, வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். மகள் ஆர்த்தி அம்மாவைச் சீண்டுவதற்கென்றே, "சமையக்கட்டுலருந்து கேக்கறேன், தோசைக்கு அலோவ் பண்ணுவியா?" என்று கேட்பாள். தோசை வரும். கூடவே ஒரு முறைப்பும் வரும்.

மூன்று இடங்களில் தன் வீட்டை அவர் சேர்க்கவில்லை. கரும்பு மேலாளர் வேங்கடேசன் நல்ல மனிதர். ராத்திரியில் ஏதாவது ஆனால் என்ன செய்வது, உன் வீட்டு எண்ணையாவது சேர்த்துக்கொள் என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். புனிதாவின் மாமனார் சக்கரபாணிக்கு ஒலக்கூர் பக்கத்தில் கரும்பு இருக்கிறது. இதே ஆலைக்குத்தான் பதிவு. வேங்கடேசனுக்கு அவர் சொன்ன பதிலை நான் எழுதி வைத்திருக்கிறேன்.

"வூட்டுல தொறந்தா நான் மருமவ சார். ஆபீசுல தொறந்தாதான் சிஸ்டம்ஸ்."

இதன் அருமை எனக்கு அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில்தான் புரிந்தது. பருவம் தொடங்கிவிட்டால் உறவுக்காரர்கள் புனிதாவுக்குப் போன் செய்யமாட்டார்கள், சக்கரபாணிக்குச் செய்வார்கள். அவர் பேசிவிட்டு, போனைச் சோற்றுத் தட்டுக்கு மேலாக நீட்டி மருமகளின் காதில் வைப்பார். புனிதாவின் கை சோற்றில் இருக்கும். பிடிக்க முடியாது, தள்ளவும் முடியாது. கேட்டுவிட்டு, "வூட்டுலருந்து தொறக்காதுங்க பெரிப்பா" என்பார். மனிதர்கள் முடியாது என்றால் கோபித்துக்கொள்கிற உறவினர்கள், இயந்திரம் முடியாது என்றால் "அப்படியா, செரிம்மா" என்று வைத்துவிடுவார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் முடியாதவராகிவிடுவதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

போன பருவத்தில் அந்த நிம்மதிக்குச் சோதனை வந்தது. பொங்கல் கழிந்து, சக்கரபாணியின் கரும்பு பூவெடுக்கத் தொடங்கியிருந்தது. ஒலக்கூர் ஃபீல்டுமேன் அருள் அன்று ஆலைக்கு வந்து, தன் கைபேசியில் ஏதோ கோளாறு என்று புனிதாவின் எதிரில் உட்கார்ந்திருந்தார். உள்ளே யார், எங்கிருந்து வந்திருக்கிறார்கள் என்று காட்டும் திரை ஒன்று அந்த அறையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் அருள் ஒலக்கூர் அலுவலகத்திலிருந்து நுழைந்திருப்பதாகக் காட்டியது. அருள் இங்கே நாற்காலியில் இருக்கிறார். அருள் அங்கேயும் இருக்கிறார். புனிதா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இன்னோர் அருள் ஒரு கரும்பை முறையில் மேலே தூக்கிவைத்துவிட்டு வெளியேறினார். தூக்கிவைத்த கரும்பு சக்கரபாணியுடையது. கீழே இறங்கியது கெங்கம்மாள் என்ற ஒரு விவசாயியுடையது.

ஒலக்கூருக்குப் போன் போட்டார். எடுத்தது காசியம்மாள்.

"உள்ள ஒர்த்தரும் இல்லம்மா. எல்லாம் சாப்புட போயிருக்காங்க. வெளிய புளியமரத்தாண்ட உங்க கொழுந்தனாருதான் வண்டி மேல உக்காந்துக்கினு போன நோண்டிக்கினு இருக்காரு. இப்பதான் டீ குடுத்தேன்."

கொழுந்தனார் தென்னரசு. அருளின் கூட்டாளி. வண்டி எண் தெரியும், அலுவலகத்து வைஃபையின் சொல்லும் தெரியும். அந்த வைஃபை அன்று மதிலைத் தாண்டி மரத்தடிவரை போய்க்கொண்டிருந்தது. டீக்கடையிலிருந்து தட்டினால் திறக்காத கதவு, மரத்தடியிலிருந்து தட்டியதும் திறந்துவிட்டது. வீட்டை வெளியே நிறுத்திய புனிதா, மரத்தை மறந்துவிட்டார்.

சத்தமில்லாமல் திருப்பிப் போட்டுவிட்டு அதோடு விட்டிருக்கலாம். அவர் கெங்கம்மாளை மறுபடி முன்னால் வைத்தார். பிறகு வேங்கடேசனின் அறைக்குப் போய், நடந்ததைக் கொழுந்தனாரின் பெயரோடு சொன்னார். வேங்கடேசன்தான் சங்கடப்பட்டு, தென்னரசைக் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்புகிறேன், பெரிதாக்க வேண்டாம் என்று முடித்தார்.

அன்று மாலை என்னைக் கீழே கூப்பிட்டார்கள். ஆர்டர் வந்த சந்தோஷத்தில் சக்கரபாணி லட்டு வாங்கியிருந்தார். வெட்டு ஆட்களுக்கும் சொல்லி அனுப்பியாகிவிட்டது. ஆர்டரை ரத்து செய்த அடுத்த செய்தியை அவர் பார்த்திருக்கவில்லை. நான் லட்டைக் கையில் வாங்கிய நேரத்தில் புனிதா வந்தார். பையை ஆணியில் மாட்டினார், கைகால் கழுவினார், வந்து நின்றார்.

"மாமா, ஆர்டர நான்தான் திருப்பிட்டேன். கெங்கம்மாங்கறவங்களுக்கு அப்புறம்தான் நம்ம மொற."

சக்கரபாணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் சத்தம் போடவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. கெங்கம்மாள் யார், உனக்குச் சொந்தமா என்று கேட்டார். பார்த்ததுகூட இல்லை என்றார் புனிதா. தென்னரசின் பெயரை மேலாளரிடம் சொன்னதையும் அவரே சொல்லிவிட்டார். கணவர் ராஜ்குமார் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வூட்டுல இருந்துக்கினே இந்த வூட்டுக்கு இப்படி பண்ணிட்டியேம்மா."

"வூட்டுல இருந்து பண்ணல மாமா," என்றார் புனிதா. "ஆபீசுல இருந்து பண்ணேன்."

எனக்கு அந்த லட்டைத் தின்னவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. கையில் பிடித்தபடியே மாடிக்கு ஏறிப் போனேன்.

பிறகு கொஞ்ச நாள் அந்த வீட்டில் சக்கரபாணிக்கும் புனிதாவுக்கும் நடுவே ஆர்த்திதான் தபால். "உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்குக் கேப்பக் களி போதும்." புனிதா இரண்டடி தள்ளித்தான் நிற்பார். காதில் விழுந்திருக்கும். ஆனாலும் ஆர்த்தி வந்து சொல்லும்வரை காத்திருந்துவிட்டு அடுப்பை மூட்டுவார். தென்னரசு பம்புசெட்டிலேயே படுத்துக்கொண்டார். சக்கரபாணி காலையில் பஸ் ஏறிப்போய் கரும்பைப் பார்த்துவிட்டு வருவார். பூ வெள்ளையாக விரிந்துகொண்டே போனது. மொட்டைமாடியில் துணி காயப்போட வந்தபோது புனிதா ஒருமுறை என்னிடம் சொன்னார். "எனக்கு மட்டும் வயிறு எரியாதா சார்? அந்தக் கரும்புல காஞ்ச சோகைய நானும்தான் உரிச்சேன். கையெல்லாம் கீறிக்கினு."

அந்த நாட்களில்தான் அவர் ஒலக்கூருக்குப் போய், ஜன்னலோரம் இருந்த வைஃபை பெட்டியைக் கழற்றி உள்ளறைக்கு மாற்றினார். அதன் வீச்சைக் குறைத்தார். ஃபீல்டுமேன்கள் எல்லோரையும் நிற்கவைத்து, வண்டி எண் இல்லாத சொல்லாக மாற்றவைத்தார். முதல்முறையாகக் கைபேசியைப் பிடித்துக்கொண்டு மதிலைச் சுற்றி நடந்தார். புளியமரத்தடியில் கோடுகள் அணையும்வரை விடவில்லை.

முறைப்படி ஆர்டர் வந்தபோது சக்கரபாணியின் கரும்பில் எடை கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. ஆனால் வெட்டன்று அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முந்தைய வருடங்களில் அவர் கரும்பை வெட்டும்போது அக்கம்பக்கத்து வயல்காரர்கள் வரப்போடு போய்விடுவார்கள். மருமகள் இருக்கிற இடம் அப்படி, முறை முன்னால் வராமல் என்ன என்று முதுகுக்குப் பின்னால் பேசுவது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. இந்த முறை கூப்பிடாமலே வந்து கட்டுகளைத் தூக்கி ஏற்றினார்கள். காசியம்மாளின் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஒலக்கூர் முழுக்க விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. கெங்கம்மாள் ஒரு அலுமினிய குண்டான் நிறைய கூழ் கரைத்து எடுத்துக்கொண்டு, எந்த மருமகள் என்று விசாரித்துக்கொண்டே வந்தாராம்.

அன்று வீடு திரும்பிய சக்கரபாணி ஆர்த்தியைத் தேடவில்லை. நேரே சமையற்கட்டு வாசலுக்குப் போனார்.

"அந்த கெங்கம்மா உன்ன பாக்கணும்னுச்சு. வூட்டுக்கு வராத, அது ஆபீசுலதான் இருக்கும்னு சொல்லிட்டேன்."

புனிதா அவருக்குத் தட்டு வைத்தார். அன்று அந்த வீட்டில் இருந்து கேட்ட பாத்திரச் சத்தம்கூட எனக்கு நன்றாக இருந்தது.

இப்போது அடுத்த பருவம் ஓடிக்கொண்டிருக்கிறது. தென்னரசு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். ஒலக்கூர் அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று போன் போட்டு, "அண்ணி, வெளியதான் நிக்கிறேன், பாத்துக்குங்க" என்று கலாய்க்கிறார். புனிதாவும், தெரியும், திரையில் காணோம் என்று விடாமல் பதில் சொல்கிறார். மதிலைச் சுற்றும் நடை மட்டும் பழக்கமாகத் தங்கிவிட்டது.

ஒலக்கூரிலிருந்து திரும்பிய அன்று இரவுச் சாப்பாட்டுக்கு என்னையும் உட்காரச் சொன்னார்கள். நடுவில் ஒரு தட்டில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. சக்கரபாணியின் போன் அடித்தது. கோலியனூரிலிருந்து அவருடைய அக்கா சின்னபொண்ணு. தாய்க்குத் தாயாக இருந்து தன்னை வளர்த்தவர் என்று அவர் ஊரெல்லாம் சொல்லும் அக்கா. அவர் சொன்னால் சக்கரபாணி கிணற்றிலும் குதிப்பார். அக்காவின் கரும்பு காற்றில் சாய்ந்துவிட்டதாம். குரல் வெளியே எங்களுக்கே கேட்டது. புனிதாவின் கை சோற்றில் நின்றது. பழக்கத்தில் காதை லேசாக அந்தப் பக்கம் சாய்த்தார்.

போன் அவர் காதுக்கு வரவில்லை. சக்கரபாணி அதைத் தன் காதிலேயே வைத்திருந்தார்.

"யக்கா, எங்கருந்து பேசற நீ?... வூட்டுலருந்தா? இங்கயும் வூடுதான். காலைல கோலியனூர் ஆபீசுக்குப் போ. சாஞ்சிக்கிதுன்னு சொல்லு, ஃபீல்டுமேன் வந்து பாப்பாரு. அங்கருந்துதான் தொறக்கும்."

வைத்தார். உடனே மறுபடி அடித்தது. அக்காதான். சக்கரபாணி போனைத் தரையில் குப்புறக் கவிழ்த்து, மல்லாட்டைத் தட்டைத் தூக்கி அதன் மேல் வைத்தார். தட்டு உறுமியது, மல்லாட்டைகள் கிடுகிடுத்தன. அவர் ஒரு கையால் தட்டை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் ரசக் கிண்ணத்தை மருமகள் பக்கம் நகர்த்தினார்.